நத்தைப் பாட்டின் பின்பாதி

ரொட்டி ஆலையில் விடிகாலை ஷிப்டை முடித்துவிட்டு யாத்விகா நேராக ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தாள். வீட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வரலாம்தான். ஆனால் ஒருமுறை உள்ளே போய்விட்டால் மாமனார் திரும்பக் கிளம்ப விடமாட்டார். அதனால் தலைமுடியில் கறுப்பு ரொட்டி மாவின் புளித்த வாசத்தோடேயே வந்து, லீரா வாத்தியப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, கிழிந்த சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

கூடம் என்பது பேச்சுக்குத்தான். லீதா நகரின் பழைய கலாச்சார மாளிகையில், ஒரு காலத்தில் நாடகத் திரைகளைச் சுருட்டிப் போட்டு வைத்திருந்த பின்கட்டு அறை அது. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. ஹீட்டர் ஒரே ஒரு மூலையை மட்டும் சூடாக்கும். அந்த மூலையை ஒலிப்பதிவு செய்யும் செஸ்லாவ் தன் கம்ப்யூட்டரோடு பிடித்துக்கொண்டிருந்தான். மற்ற மூன்று பேரும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

குழுவே அந்த மூன்று பேர்தான். லியவோன் துடா வாசிப்பான். ஆட்டுத்தோல் பையை அக்குளில் இடுக்கி, ஊதி உப்பவைத்து வாசிக்கிற கருவி. ஆளும் கொஞ்சம் உப்பலானவன். வார நாட்களில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவன். முரசு அடிக்கும் திமோக்குக்குக் குழாய் ரிப்பேர் வேலை. யாத்விகாவிடம் லீரா. மடியில் வைத்து ஒரு கையால் கைப்பிடியைச் சுற்ற, உள்ளே மரச்சக்கரம் கம்பிகளைத் தேய்த்து, கூட்டைக் கலைத்த தேனீக்கள்போல விடாமல் முனகும் பெட்டி. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய நடன மெட்டுகளையும், கிராமத்து அறுவடைப் பாட்டுகளையும், நார்ச்சட்டையும் கம்பளி மேலங்கியும் போட்டுக்கொண்டு கோட்டை கோட்டையாகப் போய் வாசித்து அவர்களுக்கு வயசாகிவிட்டது. கோடையில் அந்தக் கம்பளிக்குள் வெந்துபோவார்கள். இலையுதிர் காலத்தில் அதே கம்பளி நனைந்து ஈர நாய் மாதிரி நாறும்.

அந்த ஜூன் மாதம் லீதா கோட்டை முற்றத்தில் வாசித்ததை முழுசாகப் பதிவு செய்திருந்தார்கள். அதைத்தான் இப்போது ஆல்பமாக்குகிற ஏற்பாடு. யோசனை லியவோனுடையது.

"ஸ்டுடியோவுல வாசிச்சா நம்ம மூணு பேரும் பொணம் மாதிரி இருக்கோம். ஜனங்க முன்னாடி வாசிச்சாத்தான் கொஞ்சம் ரத்தம் ஓடுது. போடறதா இருந்தா அதப் போடணும்," என்று கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

யாத்விகா சரி என்று சொல்லியிருந்தாள். எதற்கும் இல்லை என்று சொல்லத் தனியாகத் தெம்பு வேண்டியிருந்தது. சரி என்பதற்கு அது தேவைப்படவில்லை.

முதல் சில பாட்டுகள் சிக்கலில்லாமல் போயின. ஒன்றில் நாய் குரைத்தது, வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இன்னொன்றில் திமோக்கின் குச்சி கைநழுவி விழுந்த சத்தம் கேட்டது.

"அதயும் வெச்சுக்கலாமா, தலைவரே?" என்றான் திமோக். "ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடியும் எவனாவது குச்சியக் கீழ போட்டிருப்பான்."

"அவன் போட்டிருப்பான், சவுக்கடியும் வாங்கியிருப்பான்," என்றான் லியவோன்.

அடுத்து வந்தது 'நத்தை'. பாட்டின் உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. பழைய தாளில் சுரங்கள் மட்டும் இருந்தன; வேகம் குறிக்கப்படவில்லை. லியவோன் அதை மெதுவாக வாசிக்க வேண்டும் என்று முடிவு கட்டினான்; எவ்வளவு மெதுவாக என்றால், திமோக் முதல் நாளே அதற்கு நத்தை என்று பேர் வைத்துவிட்டான். லீராதான் அதைத் தூக்கிச் சுமக்கும். துடா அங்கங்கே வந்து தொட்டுவிட்டுப் போகும்.

செஸ்லாவ் ஓடவிட்டான். முற்றத்தின் செங்கல் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, ஜனங்களின் சலசலப்பு, பிறகு லீராவின் முனகல். நன்றாகத்தான் இருந்தது. யாத்விகா கண்ணை மூடிக் கேட்டாள். பாதிவாக்கில் அந்த முனகல் தேய்ந்து, கரகரத்து, நின்றது. அவள் கண்ணைத் திறந்தாள். துடா மட்டும் போய்க்கொண்டிருந்தது. கீழே முரசு, யாரோ தூரத்தில் கதவைத் தட்டுவதுபோல.

"வயர் கழண்டிருக்குமோ?" என்று கேட்டாள்.

செஸ்லாவ் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தான். அவன் இளையவன், அவளை எப்போதும் அப்பா பேரையும் சேர்த்து மரியாதையாகத்தான் கூப்பிடுவான்.

"யாத்விகா யானவ்னா, உங்க மைக்க மட்டும் தனியாப் போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அவள் தலையாட்டியதும் மற்ற ஒலிகளை அடைத்தான்.

தூரத்தில், நிழல்போல, துடா கேட்டது. தகைவிலான் குருவிகளின் கீச்சு. அப்புறம் மைக்குக்கு வெகு அருகில் ஒரு மூச்சு. சீரான, ஆழமான மூச்சு. இழுத்து, நிறுத்தி, விட்டது. குறட்டை என்று சொல்ல முடியாது. குறட்டைக்குப் பக்கத்து வீடு.

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் காது மடல் இரண்டும் கொதித்தன.

அந்த நாளை அவள் நினைத்துப் பார்த்தாள். முந்தின இரவு மாமனார் காசிமிர் ஓயவே இல்லை. பக்கவாதம் வந்து இரண்டு குளிர்காலம் ஆயிற்று; ஒரு பக்கம் விளங்காது, ஆனால் குரல் மட்டும் பழைய லாரி டிரைவரின் குரல். தண்ணி என்பார், புரட்டிப் போடு என்பார், ஜன்னலை மூடு என்பார், மூடினால் திற என்பார். அவள் புருஷன் எட்வார்த் ரஷ்யாவின் வடக்கே எண்ணெய் வயலில் வேலையில் இருந்தான். இரவெல்லாம் விழித்து, ஆலைக்குப் போய், அங்கிருந்து கோட்டைக்கு வந்து, கம்பளியை மாட்டிக்கொண்டு மேடை ஏறியது ஞாபகம் இருந்தது. நத்தையை ஆரம்பித்தது ஞாபகம் இருந்தது. கைதட்டலும் ஞாபகம் இருந்தது. நடுவில் என்ன நடந்தது? 'இன்னைக்கு நத்தை சீக்கிரமா முடிஞ்சிடுச்சே' என்று நினைத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

"தூங்கியிருக்கேன்," என்றாள்.

திமோக் தன் பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

லியவோன் அவளைச் செல்லப்பேர் சொல்லிக் கூப்பிட்டான். "அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல, யாத்சியா. இப்ப உக்காந்து வாசிச்சுடு, செஸ்லாவ் அந்த எடத்துல ஒட்டிடுவான். யாருக்குத் தெரியப்போகுது?"

சரி என்று அவள் பெட்டியைத் திறந்து லீராவை எடுத்தாள். விரலைத் தேய்த்துச் சூடாக்கினாள். சக்கரத்துக்குப் பிசின் தடவினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஜூன் மாதத்து துடாவோடு நவம்பர் மாதத்து லீராவைச் சேர்த்து வாசித்தாள். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை.

செஸ்லாவ் ஓடவிட்டுக் கேட்டபோது அது சகிக்கவில்லை. இரண்டு பேர் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழையப் பார்ப்பதுபோல இருந்தது. அவள் வாசிக்க வேண்டிய மெட்டைத்தான் அந்த இடத்தில் துடா வாசித்துக்கொண்டிருந்தது. துடா தொட்டுவிட்டுப் போக வேண்டிய இடங்களை முரசு விரல்நுனியால் தொட்டுவிட்டுப் போயிற்று.

"இன்னொரு தடவ," என்றான் லியவோன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"வேண்டாம்," என்றாள். "மறுபடி அதப் போடு, செஸ்லாவ். நான் இல்லாதத."

இந்த முறை அவள் காது கொடுத்துக் கேட்டாள். லீரா தேய்ந்து நிற்பதற்குச் சற்று முன்பே துடா மெதுவாகக் கீழிறங்கி வந்து மெட்டை வாங்கிக்கொண்டது. கீழே விழப்போகிற தட்டைக் கையில் தாங்கிக்கொள்வதுபோல. முரசு சத்தத்தைக் குறைத்துக்கொண்டது. பிறகு கடைசிவரை, தொட்டிலில் போட்ட குழந்தை எழுந்துவிடுமோ என்பதுபோலவே இரண்டு பேரும் வாசித்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் இப்படி வாசித்து அவள் கேட்டதில்லை.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள். "அன்னைக்கே தெரியும்."

"தலை சாயறதப் பாத்தேன்," என்றான் திமோக். "லியவோனுக்குக் கண் காட்டினேன். அவன் இறங்கிட்டான். வேற என்ன பண்றது? ஜனங்க நீ கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்னு நெனச்சிட்டாங்க. எங்க பக்கத்து வீட்டுக்காரி எங்கிட்டயே சொன்னா, அந்தம்மா எவ்வளவு பக்தியா வாசிக்கிறாங்கன்னு."

செஸ்லாவ் சிரிப்பை அடக்கினான். யாத்விகா சிரிக்கவில்லை.

"முடிஞ்சதும் சொல்லியிருக்கலாமே."

"எதுக்கு உன்னச் சங்கடப்படுத்தணும்னு விட்டோம்," என்றான் லியவோன். "நல்லதுக்குத்தான்."

அவள் லீராவின் கைப்பிடியைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினாள். பிசின் தடவிய சக்கரம் சிணுங்கியது.

"லியவோன், ஒருத்தி மேடையில உக்காந்தபடியே தூங்கறா. பாத்தீங்க. அவ எழுந்துடக் கூடாதுன்னு ரெண்டு பேரும் சேந்து வாசிச்சீங்க. அழகா வாசிச்சீங்க, நான் இல்லைங்கல. அப்புறம் என்னாச்சு? ஜூலையில என்னை மீர் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனீங்க. ஆகஸ்டுல ரெண்டு எடம். பஸ்ஸுல நான் நின்னுட்டே வந்தேன். ஒருத்தராவது வாயத் தொறந்து, ஏன்டி இவ்வளவு அசந்து போற, வீட்ல என்ன நடக்குதுன்னு கேட்டீங்களா?"

குரல் உயரவே இல்லை. உயர்த்துகிற அளவுக்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. கோபம்கூட மாவு மூட்டைமாதிரி கனத்தது. தூக்கிப் பாதி வழி வந்ததும் இறக்கி வைத்துவிடலாம் போலிருந்தது.

லியவோன் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "கேக்கல," என்றான். "கேட்டா எதாவது செய்யணுமேன்னுதான் கேக்கல போலிருக்கு."

அந்த அளவுக்கு நேர்மையான பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை.

பிறகு செஸ்லாவ், "அப்ப இந்தப் பாட்ட எடுத்துடலாமா?" என்று கேட்டான்.

"எடுக்கலாம்," என்று லியவோன் உடனே சொன்னான். ஆனால் சொல்லும்போது அவன் முகம் போன போக்கை யாத்விகா பார்த்தாள். இருக்கிற எல்லாவற்றிலும் இதுதான் சிறந்தது என்று அங்கே இருந்த நான்கு பேருக்கும் தெரியும். அவள் இல்லாத பாதிதான் சிறந்தது. அது வலிக்கத்தான் செய்தது. ஆனால் வலிக்கு அடியில், குளிர்ந்த பாதத்தை வெந்நீரில் வைத்ததுபோல வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. நான் இறக்கி வைத்தாலும் கீழே விழாமல் இருக்கிற பொருள் உலகத்தில் ஒன்றாவது இருக்கிறதே.

"எடுக்காதீங்க," என்றாள். "அப்படியே இருக்கட்டும். ஒட்டவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். என் மூச்சை மட்டும் அணைச்சிடு, செஸ்லாவ்."

"அது ஏற்கெனவே அணைச்சாச்சு, யாத்விகா யானவ்னா."

"அட்டையில பேர் போடறப்ப, அந்தப் பாட்டுக்கு ரெண்டு பேர் போதும்."

"முதல் பாதி நீதான வாசிச்ச?" என்றான் திமோக். "முதல் பாதின்னு போட்டுடலாம். காலேஜுல பாதியில நின்னவங்க போடறதில்லையா, அது மாதிரி."

இதற்கு அவள் லேசாகச் சிரித்துவிட்டாள். பிறகு மீதிப் பாட்டுகளைக் கேட்காமலே கிளம்பினாள். யாரும் தடுக்கவில்லை. லியவோன் பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தான். பஸ் வந்ததும் பெட்டியைக் கையில் கொடுத்தான்.

"காசிமிர் எந்த நேரத்துல தொந்தரவு பண்ணுவாரு?"

"பண்ணாத நேரத்தக் கேளு."

"மத்தியானம் எனக்குப் பாடம் இருக்காது."

"பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு ஏறினாள். நம்பிக்கையோடு சொல்லவில்லை.

மறுநாள் எட்வார்துக்குப் போன் போட்டாள். அவன் கான்டீனில் இருந்தான்; பின்னால் தட்டுகள் மோதும் சத்தம்.

"உங்கப்பாவப் பாத்துக்க மாட்டேன்னு சொல்லல," என்று ஆரம்பித்தாள். "தனியாப் பாத்துக்க மாட்டேன்னு சொல்றேன்."

"இப்ப வேல உச்சத்துல இருக்கு, யாத்சியா. வசந்தம் வரட்டும், பேசுவோம்."

"ஜூன் மாசம் நான் மேடையில தூங்கிட்டேன். கோட்டை நெறைய ஜனங்க முன்னாடி. லீராவ மடியில வெச்சுக்கிட்டு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்காமல் காத்திருந்தாள். சிரிப்பு தானாக நின்றது.

"நெஜமாவா?"

"என் மூச்சுச் சத்தத்தப் பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. வேணும்னா அனுப்பச் சொல்றேன்."

"அனுப்ப வேண்டாம்," என்றான்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் லியவோன் உண்மையிலேயே வந்து நின்றான், கையில் ஒரு ஜாடி ஊறவைத்த முட்டைக்கோஸோடு. காசிமிருக்கு அவனைப் பிடிக்காது. லீராவையும் பிடிக்காது, துடாவையும் பிடிக்காது.

"ஆட்டத் தின்னா போதாதுன்னு அத ஊதவும் செய்றானுங்க," என்றார் மருமகளிடம், அவன் காதுபடவே.

லியவோன் கட்டிலருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகள் கிளட்சை மிதிக்கிற அழகைப் பற்றி ஏதோ சொன்னான். பனியில் ஏறுமேட்டில் வண்டியை எப்படி எடுப்பது என்பதில் இருவருக்கும் தகராறு வந்தது. யாத்விகா பக்கத்து அறையில் படுத்தாள். சுவருக்கு அப்பால் இரண்டு ஆண்கள் கியர் பெட்டியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். எழுந்தபோது வெளியே இருட்டிவிட்டிருந்தது. அடுப்பில் யாரோ கோதுமைக் கஞ்சியை அடிப்பிடிக்க வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவன் வாரத்தில் இரண்டு நாள் வந்தான். சில வாரம் வரவில்லை. ஒருமுறை திமோக் வந்து, கிழவரைப் பார்த்துக்கொள்வதற்குப் பதிலாகக் குளியலறைக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாஷர் வாங்கி வருகிறேன் என்று போனவன் சாயங்காலம்தான் திரும்பினான். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது எட்வார்த் வந்து சேர்ந்தான். முதல் சில இரவுகள் அவனே எழுந்தான். சீக்கிரமே பிரெஸ்ட் நகரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு, அப்பா உனக்கும்தான் அப்பா என்று கத்திச் சண்டை பிடித்தான். அதே சண்டையை யாத்விகா இரண்டு வருஷமாக மரியாதையான குரலில் போட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றும் நடந்ததில்லை. கத்தினதும் நடந்தது. கோடையில் கிழவரை அக்கா அழைத்துக்கொள்வதாக ஏற்பாடாயிற்று. காசிமிர் போகும்போது, "மருமகளே, அங்க ரொட்டி நல்லா இருக்காது," என்று மட்டும் சொன்னார். பையில் இரண்டு கறுப்பு ரொட்டி வைத்து அனுப்பினாள்.

ஆல்பம் வசந்தத்தில் வந்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கோட்டைக் கடையில் காந்தப் பொம்மைகளுக்கும் மரவாளுக்கும் பக்கத்தில் வைத்தார்கள், அவ்வப்போது யாராவது வாங்கினார்கள். நத்தையின் கீழே மூன்று பேருடைய பெயரும் இருந்தது. திமோக் பயமுறுத்தியபடி 'முதல் பாதி' என்று போடவில்லை. யாத்விகா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வருஷ ஜூன் மாதமும் லீதா கோட்டையிலேயே வாசித்தார்கள். வெயில் போன வருஷத்தைவிட மோசம். அவள் தூங்கி எழுந்து, குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டு வந்திருந்தாள். ஆனாலும் எலும்புக்குள் பழைய அசதி இருந்தது. அது அப்படிச் சீக்கிரம் போகிற ஜாதி இல்லை என்று இப்போது தெரிந்திருந்தது. பாதி நிகழ்ச்சி முடிந்து நத்தைக்கு வந்தபோது லியவோன் துடாவின் குழலைச் சரி செய்கிற சாக்கில் அவள் பக்கம் குனிந்தான்.

"என்ன, முடியுமா?"

"முடியும். ஆனா இத நீங்க ரெண்டு பேருமே வாசிங்க. முழுசா. ஆரம்பத்துலேந்து."

"யாத்சியா, கோவத்துல சொல்லாத."

"கோவம்லாம் இல்லப்பா. நான் ஒரு தடவகூட இதக் கோட்டையில கேட்டதில்ல."

லீராவை நாற்காலியில் வைத்துவிட்டு, மேலங்கியைக் கழற்றி அதன் மேல் போட்டுவிட்டு, மேடையின் பக்கவாட்டுப் படியில் இறங்கிப் போனாள். ரொட்டியை ஊறவைத்துப் புளிக்கவைத்த க்வாஸ் பானம் விற்கும் வண்டியில் ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு, புல்லில் ஜனங்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். மேடையில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திமோக் தோளைக் குலுக்கினான். பிறகு துடா மெதுவாகத் தொடங்கியது. முதல் பாதியில் லியவோன் கொஞ்சம் தடுமாறினான். அது எப்போதும் அவளுடைய வேலையாக இருந்தது. அப்புறம் பிடித்துக்கொண்டான். சத்தம் செங்கல் சுவரில் பட்டு, தகைவிலான்களைக் கலைத்துவிட்டுத் திரும்பி வந்தது.

பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் அவளுடைய நார்ச்சட்டையை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க அவங்களோடதான வாசிக்கிறீங்க?"

"ஆமா."

"பின்ன ஏன் இங்க வந்து உக்காந்திருக்கீங்க?"

"இந்தப் பாட்டுக்கு எனக்கு லீவு," என்றாள் யாத்விகா. அந்தப் பெண் சரி என்று தலையாட்டிவிட்டு, குழந்தையின் கால்களை நகர்த்தி, அவள் காலை நீட்டிக்கொள்ள இடம் விட்டாள்.